நூற்றெட்டு உருப்படிப் பெட்டி வேண்டாம்

வால்பரைசோவில் எந்த வீடும் நேராக நிற்பதில்லை.
தகரம் போர்த்திய சுவர்கள் மலைச்சரிவில்
ஒன்றன் தோள்மேல் ஒன்று ஏறி
கப்பல் வருகிறதா என்று எட்டிப்பார்க்கும்.
மூன்றாவது திருப்பத்தில், மஞ்சள் தகரம், என்னுடையது.
வாங்கி ஒன்பது நாள்.
ஒன்பது நாளும் குழாய் சொட்டுகிறது.

இருபது வருட வாடகையில்
எது உடைந்தாலும் வீட்டுக்காரருக்கு ஒரு போன்.
அவர் வரமாட்டார், நான் பழகிக்கொள்வேன்.
இப்போது வீட்டுக்காரி நான்.
கூப்பிட்டால் என் கைப்பைக்குள்தான் மணி அடிக்கும்.

சனிக்கிழமை, படியிறங்கி, ஓயார்சூன் இரும்புக்கடை.
அவர் ஒரு பச்சைப் பெட்டியைத் திறந்து
நூற்றெட்டு உருப்படி சென்யோரா, என்றார்,
ஆயுசுக்கும் வேறெதுவும் வேண்டாம்.
உள்ளே வெள்ளிப் பல்வரிசைபோல் ஒரே பளபளப்பு.

பல்வரிசை எனக்குத் தெரியும்.
பல் மருத்துவர் பக்கத்தில் தட்டேந்திப்
பதினெட்டு வருடம்.
கண்ணாடி, கொக்கி, கிடுக்கி, ஊசி:
டாக்டர் செபுல்வெதாவின் விரல் விரியுமுன்
அடுத்தது என் கையில் இருக்கும்.
அலமாரியில் இருநூறு கருவி உண்டு.
தட்டில் ஏறுவது ஆறு.
இந்த வாய்க்கு எது, அவ்வளவுதான்.

மருந்துச்சீட்டின் பின்புறம் எழுதியதை எடுத்தேன்.
சொட்டும் குழாய்.
ஒற்றைக் கீலில் தொங்கும் அலமாரிக் கதவு.
கோப்பைகளுக்கு ஒரு பலகை.

பெரிய சுத்தியலுக்கு மணிக்கட்டு சம்மதிக்கவில்லை.
சின்னதை எடுத்து, கண்ணை மூடி, காற்றில் மூன்று தட்டு.
பின்னால் நின்ற மீனவர் இரண்டடி நகர்ந்துகொண்டார்.
முனை மாற்றும் திருப்புளி ஒன்று.
வாய் அகலும் குறடு: திறந்து மூடிப் பார்த்தேன்,
கடி சரியாக இருந்தது.
அளவுநாடா மூன்று மீட்டர் போதும்,
என் வீட்டில் அதைவிட நீளமானது
ஜன்னலுக்கு வெளியே தெரியும் கடல்தான்.
டிரில் வேண்டாம். பக்கத்து வீட்டு நிபால்தோவிடம் இருக்கிறது,
ஞாயிறு காலைகளில் மலைக்கே தெரியும்.

கடைசியாக ரசமட்டம்.
ஓயார்சூன் தயங்கினார்.
இந்த ஊரில் இதை யாரும் வாங்குவதில்லை, என்றார்,
மனசுதான் கெடும்.

வீட்டுக்கு வந்ததும் குறடால் ஒரு திருகு.
குழாய் என் முகத்தைக் குளிப்பாட்டியது.
மூடவேண்டிய வால்வை முதலில் மூடவேண்டும் என்பதை
எந்தப் பெட்டியிலும் வைத்து விற்பதில்லை.
வால்வு எங்கே? தொட்டிக்குப் பின்னால்,
தலை நுழையாத இருட்டில்.

வெள்ளைக் கோட்டின் பையில் கைவிட்டேன்.
நீண்ட காம்பு, நாணயமளவு கண்ணாடி.
கடைவாய்ப் பல்லைத் தேடுவதுபோல் சாய்த்து, வெளிச்சம் பிடித்து,
அதோ, துருவேறிய ஒரு சக்கரம்.
மூடினேன். குழாயைப் பிரித்தேன்.
உள்ளே வாஷர், மென்று துப்பிய ரொட்டிபோல்.
அதற்காக மறுபடி இருநூற்றுப் பன்னிரண்டு படி.
விலை, பாதி ரொட்டி.

பிறகு பலகை. குமிழி நடுவில் நிற்கும்வரை
ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, மாட்டினேன்.
டிரில்லைத் திரும்ப வாங்க வந்த நிபால்தோ
கழுத்தைச் சாய்த்துப் பார்த்தான்.
கோணல்.
இல்லை, ஜன்னல்தான் கோணல், தரையும்,
நீ நிற்கிறாயே அந்த வாசலும் என்றேன்.
மறை கழண்டவள் என்று நினைத்திருப்பான்.
ஒன்றும் சொல்லாமல்
ரசமட்டத்தை மட்டும் இரவல் கேட்டான்.

இரவு விழித்துக்கொண்டேன்,
சொட்டு கேட்காததால்.

திங்கள்கிழமை, முதல் நோயாளி, வாய் திறந்தபடி.
டாக்டர் திரும்பாமலே கண்ணாடிக்குக் கை நீட்டினார்.
நீட்டிய கை நீட்டியபடி.
என் பையில் ஒரு பழைய வாஷர் இருந்தது.